செக்கடித் தெருவின் கனம்

செக்கடித் தெருவில் கனம் குறைந்த அன்று காலையில், எட்டு வருஷமாக நாற்காலியை விட்டுத் தானாக எழுந்திராத சண்முகவடிவு எழுந்து, சுவரைக்கூடப் பிடிக்காமல் அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டாள். கொல்லையில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்த அவள் புருஷன் ஆவுடைநாயகம், ஊர் மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர், நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"நின்னுக்கிட்டா இருக்கே?"

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க வந்து இந்தப் பாலைப் பாருங்க. பொங்கிச் சட்டிக்கு மேலே ஒரு சாண் நிக்கி. வழியவும் மாட்டேங்கு, அடங்கவும் மாட்டேங்கு. கெட்டுப்போச்சோ என்னமோ."

அவர் பாலைப் பார்த்தார். பிறகு அவள் கால்களைப் பார்த்தார். கையிலிருந்த சோப்புப்பெட்டி நழுவியது. நழுவிய பெட்டி, தனக்கு அவசர வேலை எதுவும் இல்லை என்பதுபோல இறங்கித் தரையைத் தொட்டது. குனிந்து எடுத்து மறுபடியும் போட்டார். மறுபடியும் அப்படியே.

"பால் கெடலை," என்றார். "காப்பியைக் கலந்து கொண்டா. உக்காந்து குடிப்போம்."

"நீங்க உக்காருங்க. நான் நின்னே குடிக்கேன்," என்றாள் வடிவு.

ஆலங்கிணறு என்ற அந்த ஊரின் மற்றத் தெருக்களில் பொருள்கள் எல்லாம் வழக்கம்போல விழுந்துகொண்டிருந்தன. மேற்கே பிள்ளையார் கோயிலில் தொடங்கிக் கிழக்கே குற்றாலிங்கத்தின் எண்ணெய்க் கடையில் முடிகிற செக்கடித் தெருவில் மட்டும், மனிதர்களும் மாடுகளும் அம்மிகளும் அண்டாக்களும் தத்தம் கனத்தில் மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மிச்சத்தை எங்கோ இறக்கி வைத்துவிட்டு வந்ததுபோல இருந்தன. முதல் வாரம் தெரு கொஞ்சம் தடுமாறியது. முறத்தில் புடைத்த அரிசி உமியோடு சேர்ந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போயிற்று. உலக்கை லேசாக ஏறியது, இறங்கத்தான் யோசித்தது. டீக்கடைக்காரர் ஆற்றிய டீ ஒரு குவளையை விட்டுப் புறப்பட்டு மறு குவளைக்கு வந்து சேர்வதற்குள் அவர் ஒருவரிடம் குசலம் விசாரித்து முடித்திருந்தார். கோயில் விளக்கின் சுடர் உயரம் சுருங்கி நெல்லிக்காய்போல உருண்டு நின்றது. மழை பெய்தபோது துளிகள் இன்ன இடத்தில் இறங்கலாம் என்று பார்த்துப் பார்த்து இறங்கின. இரண்டாவது வாரம் தெரு பழகிக்கொண்டது. சேலைக் கொசுவத்தில் பெண்கள் ஆளுக்கொரு சின்னக் கல்லை முடிந்துகொண்டார்கள். நெல் குத்தவும் அரிசி புடைக்கவும் பக்கத்துத் தெருவுக்குப் போனார்கள். பதிலுக்கு அந்தத் தெருப் பெண்கள் இங்கே வந்து, இறைக்க இறைக்கக் கை வலிக்காத கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். மேற்குத் தெருமுனையில் இருந்த விளக்குக் கம்பத்தைத் தாண்டினால் முழுக் கனமும் ஒரேயடியாகத் தோளில் வந்து உட்காரும் என்பதால், வெளியே போகிறவர்கள் கம்பத்தைப் பிடித்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, "பிள்ளையாரே" என்று சொல்லிக் காலெடுத்து வைப்பது வழக்கமாயிற்று. ஒரு மாதத்தில், பிறந்ததிலிருந்து அப்படித்தான் செய்து வந்தவர்கள்போல யோசிக்காமல் செய்தார்கள்.

வடிவு தெருவெல்லாம் நடந்தாள். நாற்காலியில் இருந்தபோது அவள் ஓசைகளாக மட்டுமே அறிந்திருந்த வீடுகளுக்குள் இப்போது போய் உட்கார்ந்து பேசினாள், அவர்கள் ரசத்தில் உப்பு கூட என்று சொன்னாள், பிள்ளையாரைப் பிரதட்சிணம் செய்தாள், கிழக்குக் கோடி வரை போய்க் குற்றாலிங்கத்தின் மகள் உலகம்மாளுக்குத் தலை பின்னிவிட்டாள். கம்பத்தைத் தாண்டி மட்டும் போகமாட்டாள். ஆவுடைநாயகம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள் கம்பத்துக்கு இந்தப் பக்கம் நிற்பாள். அவர் இந்தப் பக்கம் வந்ததும் இருவரும் சேர்ந்து நடப்பார்கள்.

கனம் ஏன் குறைந்தது என்ற கேள்வி தெருவுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. முதலில் டாக்டரைக் கேட்டார்கள். அவர் நாடி பிடித்துப் பார்த்து, எல்லாருக்கும் ரத்தக் கொதிப்பு இறங்கியிருக்கிறது, நல்லதுதான் என்றார். ரசாயன வாத்தியார் கிணற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டு போனார். சோசியர் சனியைக் காரணம் சொன்னார். சனி கனம் கொடுக்கிறவனல்லவா, குறைப்பானேன் என்று கேட்டதற்கு, அது வக்கிர சனி என்றார். எல்லாரையும் கேட்டு முடித்தபிறகு, பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, இதே தெருவில் இருபது வருஷமாகக் குடியிருக்கிற பௌதிக வாத்தியாரை அழைத்தார்கள்.

குற்றாலிங்கம் தெருவுக்குப் பெரியவர். செக்கு இருந்த காலத்திலிருந்து எண்ணெய் வியாபாரம். பேச்சில் எண்ணெய் போலவே வழுக்கல். "சார்வாள், கடைசியா உங்ககிட்ட வந்திருக்கோம்னு கோவிச்சுக்கிடாதீங்க. இந்தத் தெருவில மட்டும் ஏன் எல்லாம் மெதுவா விழுது?"

"தெரியலை அண்ணாச்சி."

"சரி போவுது. மத்தத் தெருவில ஏன் வேகமா விழுது? அதைச் சொல்லுங்க, அதிலிருந்து நாங்க பிடிச்சுக்கிடுதோம்."

ஆவுடைநாயகம் பொய் சொல்லியிருக்கலாம், புத்தகத்தில் இருக்கிற சொல் ஒன்றை எடுத்துப் போட்டிருக்கலாம், ஜனங்கள் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். "அதுவும் தெரியாது," என்றார். "எவ்வளவு வேகமா விழும்னு சொல்லுவேன். எப்பத் தரைக்கு வரும்னு சொல்லுவேன். சந்திரனும் அதே கணக்குப்படிதான் விழுந்துக்கிட்டு இருக்குன்னு சொல்லுவேன். ஏன் விழுதுன்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசுதவங்க, எப்படி விழுதுங்கிறதையே இன்னொரு வார்த்தையில சொல்லுவாங்க."

"சந்திரன் விழுதா? இன்னும் வந்து சேரலையே வே," என்றது தூணோரத்திலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது. சிரிப்பும் அந்தத் தெருவில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றதாகத் தோன்றியது அவருக்கு.

அன்றிலிருந்து தெருவில் அவருக்குத் 'தெரியாது சார்' என்று பேர். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "தெரியாது சார் வீட்டுக்குப் பக்கத்து வீடு" என்று தபால்காரரிடம் அடையாளம் சொல்வார்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்திலும் அந்த வருஷம் பௌதிகத்தின் மதிப்பு இறங்கிவிட்டது. உயிரியல் சொல்லிக்கொடுக்கும் ஞானசெல்வம் டீச்சர், செக்கடித் தெருவில் அவரைக்கொடி பந்தலைத் தேடாமல் தானாகவே ஆள் உயரத்துக்கு மேல் நிற்பதையும், கோழி முட்டையின் ஓடு மெலிந்திருப்பதையும் எழுதித் திருநெல்வேலியில் ஒரு கூட்டத்தில் வாசித்து மாலை வாங்கி வந்தார். பௌதிக ஆய்வுக்கூடத்தில் பாதியைத் தலைமையாசிரியர் அவரைக்கொடி ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்.

"கோவிக்காதீங்க சார்," என்றார் ஞானசெல்வம் டீச்சர், ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே. "எங்க பாடத்தில உயிர் இருக்கு. உங்க பாடத்தில என்ன இருக்கு? கல்லு விழுது. அவ்வளவுதானே?"

"கல்லுதான் டீச்சர். மாடியிலிருந்து விழும்போது மனுஷனும் கல்லுதான். கீழே வந்து சேருத வரைக்கும் உங்க பாடத்துக்கு அவன்மேல அதிகாரம் கிடையாது."

"வந்து சேர்ந்த பிறகு எங்ககிட்டதானே வரணும்?" என்றார் டீச்சர். "ஊறுகா போட்டுக்கிடுங்க."

தமிழாசிரியர் மகரநெடுங்குழைக்காதன் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். பேர் நீளம் என்பதால் குழைக்காதர் என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். "நான் ஒண்ணு சொல்லுதேன். உங்க சாஸ்திரம் தரை மாதிரி ஓய். தரை இல்லாம எவனும் நிக்க முடியாது. ஆனா எவனாவது தரையைப் பார்த்துக் கும்பிடுதானா? கோபுரத்தைத்தானே பார்க்கான். தரையாப் பொறந்தா மிதிபடத்தான் வேணும்."

மற்றவர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள். ஆவுடைநாயகத்துக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் எது சரி என்றும் சொல்ல வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியில்தான் வந்தது. அவருடைய படிப்புக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. உயிரியலுக்கு ஒவ்வோர் உயிரும் ஒரு தனிக் கதை. தமிழுக்கு ஒவ்வொரு பாட்டும் தனி. ரசாயனத்துக்குக்கூட உப்புக்கு ஒரு குணம், கந்தகத்துக்கு ஒரு குணம். பௌதிகம் மட்டும் யார் வீட்டுக் கல் என்று கேட்காது. இந்தத் தெருவில் விழுகிற கல் எப்படி விழுகிறதோ அப்படியே எல்லாத் தெருவிலும், எல்லா ஊரிலும், சந்திரனுக்கு அப்பாலும் விழும் என்பதற்கு மேல் அதற்கு வேதம் கிடையாது. மற்றப் படிப்புகளுக்கு அது தாயும் இல்லை, குழைக்காதர் சொன்ன தரையும் இல்லை, ராசாவும் இல்லை. ஊருக்கெல்லாம் ஒரே நியாயம் என்று சொல்லிக்கொண்டு மூலையில் நிற்கிற ஒரு பிடிவாதக்காரன். அந்த ஒரே நியாயத்தைத்தான் செக்கடித் தெரு உடைத்துவிட்டது. உடைந்த இடத்தின் வழியாகத்தான் வடிவு எழுந்து நடந்து வந்திருந்தாள். எதற்கு வருத்தப்படுவது, எதற்குச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் அவர் கம்பத்தருகே வந்து சேரும்போது, அவள் கொசுவத்துக் கல்லைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றிருப்பாள். அப்புறம் வருத்தம் என்ன, ஒன்றும் இராது.

இதற்குள் முழங்கால் வலிக்காரர்கள் வெளியூர்களிலிருந்து வரத் தொடங்கியிருந்தார்கள். நாலு எட்டு வைக்க முடியாதவர்கள் செக்கடித் தெருவில் வந்து மாலை முழுவதும் உலாத்தினார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களைக் கடைசி மாதங்களில் இங்கே கொண்டுவந்து தங்கவைத்தார்கள். வந்தவர்கள் தங்க இடம் வேண்டும். தெரு இருபுறமும் நெருக்கம். மேலே தவிர இடமில்லை. மண்ணைக் குழைத்துக் கட்டிய பழைய ஓட்டு வீடுகளின் ஓட்டைப் பிரித்துவிட்டு மேலே ஒரு மாடி எழுப்பினார்கள். அதற்கு மேல் இன்னொன்று. கொத்தனாருக்கு இதைப்போல வேலை வாழ்நாளில் வாய்த்ததில்லை. "கம்பி எதுக்கு, சிமிட்டி எதுக்கு? செங்கல்லு பஞ்சு மாதிரி இருக்கு. முருங்கைக் கட்டையை உத்தரமாப் போட்டாலே நிக்கும்," என்பார். முருங்கைக் கட்டை போடவில்லை. ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான் கட்டினார்கள். ஒற்றைக்கல் சுவரும் மூங்கில் தளமுமாக மாடிகள் எழுந்தன. காற்றடித்தால் லேசாக ஆடின. ஆடுவது நல்லதுக்குத்தான் என்று குடியிருப்பவர்கள் சொன்னார்கள். குற்றாலிங்கம் மூன்று மாடி கட்டினார். மூன்றாவது மாடியில் பேறுகாலத்துக்கு வந்திருந்த உலகம்மாளை வைத்தார். காற்றோட்டமாக இருக்கும் என்று.

ஆவுடைநாயகம் ஒரு தடவை வாய் திறந்தார். எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி வந்த ஒருவர், மூன்றில் ஒரு பங்குதானே கனம் என்று அதை ஒரு கையால் நிறுத்தப் போய், பீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவே கையை நசுக்கிக்கொண்டார். "தூக்கினா லேசு, தள்ளினாலும் நிறுத்தினாலும் பழைய பீப்பாய்தான்," என்று ஆவுடைநாயகம் சொல்லிக்கொண்டிருந்தபோது, டாக்டர் வந்து கட்டுப் போட்டார். தெரு டாக்டரைக் கொண்டாடியது.

அடுத்த வருஷம் சித்திரையில், வீட்டு வாசல்நிலையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த கல் அவசரப்படத் தொடங்கியதை ஆவுடைநாயகம் கவனித்தார். கனம் குறைந்த முதல் நாளே கட்டிய கல் அது. தெருவின் கனம் எவ்வளவோ அதற்கேற்ற நிதானத்தில் ஊசலாடும். அதைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, நிலைக்காலில் சாக்கட்டியால் கோடு போடுவார். முதலில் கடிகாரத்தைச் சந்தேகித்தார். பிறகு நூலைச் சந்தேகித்து மாற்றினார். புதிய நூலிலும் கல் முன்னைவிட வேகமாகத்தான் ஆடியது. ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம். கோடுகளைப் பார்த்துக் கணக்குப் போட்டார். ஆவணி முடிவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று வந்தது. சாக்கட்டிக் கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கணக்கை யாரிடமும் சொல்லாமல், சில வாரங்கள் பள்ளிக்கூடம் போய்வந்தார்.

வைகாசியில் ஒருநாள் விளக்கேற்றுகிற நேரம். வடிவு திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்; சுடர் நெல்லிக்காயாக இல்லை, சற்றே நீண்டு நின்றது.

"நிலையில கோட்டை ஏன் அழிச்சீங்க?"

"அழுக்கா இருந்தது."

"கல்லு என்ன சொல்லுது?"

அவள் திரும்பி, சுவரில் ஒரு கையை ஊன்றி, மெதுவாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரில் கையை ஊன்றியதை அவர் பார்த்தார். எத்தனை நாளாக ஊன்றுகிறாள் என்று யோசித்துப் பார்த்தார்.

"சித்திரையிலேருந்தே கம்பத்துக்கு வந்துட்டுத் திரும்புததுக்குள்ள ரெண்டு வீட்டில உக்காந்துதான் வாரேன்," என்றாள் வடிவு. "பேசுதது மாதிரி உக்காருவேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நீங்க நூலை மாத்தும்போதே தெரிஞ்சுபோச்சு, உங்களுக்கும் தெரியும்னு."

"நான் கணக்கு தப்பாயிருக்கும்னு நினைச்சேன்."

"தப்பா?"

"இல்லை."

"அப்ப உங்க சாஸ்திரம் ஜெயிச்சிட்டு."

"ஜெயிக்க வேண்டாம்னு இருந்தேன் வடிவு," என்றார் அவர்.

"குற்றாலிங்கம் அண்ணாச்சி வீட்டு மூணாம் மாடியில அந்தப் பிள்ளை உலகு இருக்கா," என்றாள். இத்தனை வாரமாக ஒரே ஒரு ஜோடிக் கால்களைப் பற்றி மட்டுமே அவர் நினைத்திருந்தார்; ஒற்றைக்கல் சுவர்களை நினைக்கவே இல்லை.

மறுநாளே மண்டபத்தில் சொன்னார். கனம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது; ஆவணி முடிவதற்குள் முழுக்க வந்துவிடும்; அதற்கு முன்னாலேயே மாடிகள் தாங்காது; எல்லாரும் இறங்கிவிட வேண்டும்.

"ஏன் திரும்புது சார்?" என்று கேட்டார் குற்றாலிங்கம்.

"தெரியாது."

"ஏன்னு தெரியாது, தேதி மட்டும் தெரியும். கல்யாணப் பத்திரிகையா வே அடிக்கீரு?"

"எங்க படிப்பு அவ்வளவுதான் அண்ணாச்சி. ஏன்னு கேட்டா முழிக்கும். எவ்வளவு, எப்பன்னு கேட்டா ஏமாத்தாது."

குற்றாலிங்கம் சிரிக்கவில்லை. வியாபாரி, எதையும் நிறுத்துப் பார்க்காமல் தள்ள மாட்டார். கடையிலிருந்து தராசைக் கொண்டுவரச் சொன்னார். பரம்பரையாக அந்தத் தெரு நம்பியிருந்த பித்தளைத் தராசு. வாய்ச்சண்டை எதுவானாலும் அதன் முள் சொன்னால் அடங்கிவிடும். ஒரு தட்டில் படிக்கல்லையும் மறு தட்டில் பிண்ணாக்கையும் வைத்தார். முள் நடுவில் நின்றது. "கனம் குறைஞ்ச அன்னைக்கும் இதே பிண்ணாக்கு, இதே கல்லு, இதே முள்ளு. இன்னைக்கும் இதே. எங்கேவே ஏறியிருக்கு?"

"கல்லும் குறையும், பிண்ணாக்கும் குறையும். ஏறினா ரெண்டும் ஏறும். தராசுக்கு அது தெரியாது அண்ணாச்சி. இந்தத் தட்டைவிட அந்தத் தட்டு எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும்." பள்ளிக்கூடத்துச் சுருள்வில் தராசை எடுத்து அதே பிண்ணாக்கைத் தொங்கவிட்டுக் காட்டினார். வில், போன வருஷம் அதே பிண்ணாக்குக்குப் போட்டிருந்த கோட்டைத் தாண்டி நீண்டது.

"வில்லு துருவேறித் தளர்ந்திருக்கும்," என்றார் குற்றாலிங்கம். "தராசு பொய் சொல்லும்னு இந்தத் தெருவில இதுவரைக்கும் எவனும் சொன்னதில்லை. போயிட்டு வாங்க சார்."

ஜனங்களும் தங்கள் கைகால்களை அசைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிள்ளையைத் தினம் தூக்குகிற தாய்க்கு அது வளர்வது இடுப்பில் தெரியாததுபோல, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏறிய கனம் ஆரோக்கியமான கால்களுக்குத் தெரியவில்லை. ஞானசெல்வம் டீச்சரும் குழைக்காதரும் வந்து பேசிப் பார்த்தார்கள்; தெருவில் அவரைக்கொடி சாயத் தொடங்கியிருப்பதை டீச்சர் சொன்னார். கொடிக்குத் தண்ணீர் விடுங்கள் என்றார்கள் தெருக்காரர்கள்.

ஆடி பிறந்தது. ஒருநாள் சாயங்காலம் குற்றாலிங்கம் வீட்டு இரண்டாம் மாடியில் காரை பெயர்ந்து விழுந்தது. சுண்ணாம்பு மட்டமானது என்று சொல்லிப் பூசிவிட்டார்கள். மறுநாள் காலை ஆவுடைநாயகம் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, வடிவு வாசலில் செருப்பைத் தேடினாள்.

"எங்கே?"

"கிழக்கே."

"உன்னால முடியாது."

"முடியாதுல்லா, அதைத்தான் எல்லாரும் பார்க்கட்டும்," என்றாள்.

அவள் முதல் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். கனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு நடக்க முடியலை. கீழே இறங்கி வாங்க," என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வருஷமாகத் தங்கள் வாசலில் துணி பறப்பதுபோல நடந்து போய்க்கொண்டிருந்தவள், அண்ணி முறையில் தெருவே மைனி என்று கூப்பிடுகிற வடிவு, இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து அடுத்த வீட்டுக்குப் போவதைப் பார்த்தார்கள். நாலாவது வீட்டில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினாள். எட்டாவது வீட்டில் தரையில் உட்கார்ந்து, பிறகு எழுந்தாள். முழங்கால் வலிக்கு வந்திருந்தவர்கள்தான் முதலில் இறங்கினார்கள். அவர்களுக்கு அந்தக் காலைத் தெரியும். பிறகு பெண்கள், பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆவுடைநாயகம் இரண்டு அடி பின்னால் வந்துகொண்டிருந்தார். கையைப் பிடிக்க வந்தபோதெல்லாம் அவள் தள்ளிவிட்டாள். அவள் வயது அவருக்குத் தெரியும், நோய் தெரியும், எத்தனை அடி நடக்க முடியும் என்று அவர் போட்டிருந்த கணக்கை அவள் எப்போதோ தாண்டியிருந்தாள்.

குற்றாலிங்கத்தின் கடை வாசலில் அவள் கால்கள் இரண்டும் மடங்கின. உட்காரவில்லை, அப்படியே விழுந்தாள். அந்தத் தெருவில் வெகுகாலமாக யாரும் கேட்டிராத ஓசையோடு விழுந்தாள்.

யாராவது தடுக்கி விழுந்தால் போகிற வருகிற ஒருவர் பூப்போல எடுத்து நிறுத்திவிட்டுப் போவது செக்கடித் தெரு வழக்கமாயிருந்தது. கடையாள் ஒருவர் வந்து வழக்கம்போல ஒரு கையைக் கொடுத்தார். வடிவு எழவில்லை. இரண்டு கையும் கொடுத்தார். "என்ன மைனி, இப்படிக் கனக்கீங்க?" என்றார். இன்னொருவர் வந்தார். குற்றாலிங்கம் கல்லாவை விட்டு இறங்கி வந்து, "தள்ளுங்கலே, ஒரு பொம்பளையைத் தூக்க எத்தனை பேரு," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் தோளுக்கடியில் கைகொடுத்து எக்கினார்.

தூக்கினார், பாதியில் நின்றார். முகத்தில் ரத்தம் ஏறியது. பிண்ணாக்கு மூட்டையைத் தூக்கிப் பழகிய கை அது. எத்தனை படி, எத்தனை பலம் என்று தொட்டமாத்திரத்தில் சொல்லும் கை. தராசைக் கேட்காமல் அது தானாகச் சொன்னது. அவர் வடிவை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி, தன் வீட்டை, முதல் மாடியை, இரண்டாம் மாடியை, அதற்கு மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

"உலகு," என்று கூப்பிட்டார். "மெதுவா இறங்கி வாம்மா. ஓடாதே. எல்லாரையும் கூட்டிக்கிட்டு மெதுவா வா."

வந்தார்கள். வயிற்றில் கைவைத்து ஒவ்வொரு படியாக உலகம்மாளும், பின்னால் சத்தம் போடாமல் மற்றவர்களும் வந்து எதிர்ச்சாரியில் நின்றார்கள். வெயில் ஏறி, ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்து முடிக்கிற நேரத்தில், மூன்றாம் மாடி இரண்டாம் மாடியின் காதில் ஏதோ சொல்ல வருவதுபோலச் சாய்ந்தது. பிறகு எல்லாம் சேர்ந்து இறங்கிற்று, அந்தத் தெரு மறந்தே போயிருந்த வேகத்தில். புழுதி அடங்குவதற்கே மத்தியானம் ஆயிற்று. மற்ற மாடிகளில் சில அன்றும், சில அடுத்த வாரங்களிலும் விழுந்தன. எந்த மாடியிலும் ஆள் இல்லை.

புழுதிக்கு நடுவே குற்றாலிங்கம் ஆவுடைநாயகத்தின் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஏன் சார்?" என்றார்.

"தெரியாது அண்ணாச்சி."

குற்றாலிங்கம் தலையை ஆட்டினார். "மைனியைத் தூக்கிட்டுப் போக நாலு பேரை வரச் சொல்லுதேன். கட்டில் இருக்கு."

"வேண்டாம்," என்றார் ஆவுடைநாயகம்.

அவர் குனிந்து வடிவைக் கைகளில் வாரி எடுத்தார். முதல் முயற்சியில் முடியவில்லை. இரண்டாவது முயற்சியில் எழுந்து நின்றார். இனி அவள் நாற்காலிதான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு வீடு, இன்னொரு வீடு என்று மேற்கே நடந்தார். ஜனங்கள் வழிவிட்டார்கள்.

"இறக்கி விடுங்க. மூச்சு இரைக்கி உங்களுக்கு."

"சும்மா இரு."

"நான் ரொம்பக் கனக்கேன்ல்லா?"

அவர் அவளை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டார். ஒரு வருஷமாக அவள் கம்பத்தடியில் சிரித்துக்கொண்டு நின்றபோதெல்லாம், காற்று கொண்டுபோய்விடுமோ என்ற ஒரு பயம் அவருக்கு இருந்துகொண்டே இருந்தது. அது பயம் என்பதுகூட இப்போதுதான் தெரிந்தது. கையில் இருந்தது மூன்றில் ஒரு பங்கு இல்லை, முழு வடிவு. ஏன் என்று தெரியாத ஒன்று அவளைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. ஏன் என்று தெரியாத இன்னொன்று அவரை அவளைச் சுமந்து நடக்கவைத்தது. எவ்வளவு என்பது மட்டும் அவருக்கு, ஒவ்வோர் அடியிலும், நன்றாகத் தெரிந்தது.